ஆய்வும் ஆரவாரமும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டன் இராயல் சொசைட்டியின் ஆய்விதழ்களுள் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. திராவிட மொழிக்குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4500 ஆண்டு என்பது அதன் முடிபு. செருமனியின் ஏனா நகரில் இயங்கிய மேக்சு பிளாங்கு ஆய்வு நிறுவனத்தாரும், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் அறிஞரும், தேராதூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தைச் சேர்ந்த விட்ணுப்பிரியா கோலிபாகம் என்னும் அம்மையாரும் கூடிச் செய்த ஆய்வு அது. கட்டணம் ஏதுமின்றி எவரும் எடுத்துப் படிக்குமாறு திறந்து வைக்கப்பட்டிருந்த கட்டுரையும் ஆகும்.

கட்டுரையின் செய்தி தாளிகைகளின் வழியாக மக்களிடையே பரவியபோது ‘திராவிட மொழிக்குடும்பம்’ என்னும் மூன்று சொற்கள் தேய்ந்து ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லாயின. தமிழின் அகவை 4500 என்று உலகமே ஒப்பிவிட்டதென மகிழ்ந்து கூத்தாடினோர் ஒருபால். ‘அவ்வளவுதானா? இஃது ஆரியச் சூழ்ச்சி’ என்று சினந்தெழுந்தோர் ஒருபால். ‘பார்த்தீரோ, வேதமொழியோடு ஒப்பிட்டால் தமிழ் அப்படியொன்றும் முந்தியதன்று’ என்று எள்ளியோர் மற்றொருபால். மூன்று பாலாரும் மாறி மாறி வைதுகொண்டனர். அவர்களுள் எத்தனை பேர் கட்டுரையின் முதற் பக்கத்தையேனும் திறந்து பார்த்திருப்பர் என்பது கேட்கத்தக்க வினாவே.

அக்கட்டுரையார் செய்தது என்ன? தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, குடகு, துதம், கோண்டி, குடுக்கு, மாலுதோ, பிராகுவி முதலாகிய 20 மொழிகளில் அடிப்படைச் சொற்கள் நூறனைத் திரட்டினர். கண், கை, நீர், தீ, கல் என்பன போன்ற, எந்த மாந்தனும் கடன் வாங்காது தன் வீட்டிலேயே வைத்திருக்கும் சொற்கள் அவை. தமிழிற் ‘கண்’, கன்னடத்திலும் மலையாளத்திலும் ‘கண்ணு’, தெலுங்கிற் ‘கன்னு’, சார்க்கண்டுக் காடுகளிற் பேசப்படும் குடுக்கிலும், அதனினும் தொலைவாய்ப் பாக்கித்தானத்துப் பலுச்சித்தானத்திற் பேசப்படும் பிராகுவியிலும் அச்சொல் மிடற்றொலியோடு ‘கன்’ என நிற்கின்றது. தமிழின் ‘நீர்’ பிராகுவியில் ‘தீர்’ ஆகின்றது. இங்ஙனம் எச்சொல் எம்மொழியில் தாய்ச்சொல்லாகவே நின்றது, எம்மொழியில் வேறு சொல்லுக்கு இடங்கொடுத்துப் போயிற்று என்று கணக்கிட்டு, அக்கணக்கைக் கணிப்பொறியில் இட்டு, எத்தனை ஆண்டுக்கு முன்னர் இக்கிளைகள் பிரிந்திருக்கக் கூடுமென்று மதிப்பிட்டனர்.

மதிப்பிட்டனர் என்னும் சொல்லை ஈண்டு அழுத்திச் சொல்லுதல் வேண்டும். களத்து மேட்டிற் பொலியைக் கண்ட பட்டறிவுமிக்க உழவன், ‘நாற்பது மூட்டை தேறும், முப்பதுக்குக் குறையாது, ஐம்பதுக்கு மேற்போகாது’ என்பான். அவன் சொன்ன மூன்றும் சேர்ந்ததே அவன் மதிப்பு. நாற்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டை குறைந்தாலும் அவனைப் பொய்யன் என்பது அறிவுடைமை ஆகாது. மேற்சொன்ன கட்டுரையின் எண்ணும் அத்தகையதே. 4500 என்பது நடுமதிப்பு. அதன் இருபுறத்தும் 3000 முதல் 6500 வரை ஒரு வீச்சு உண்டென்று கட்டுரையாரே எழுதியுள்ளனர். இவ்வீச்சு தாளிகைத் தலைப்பில் இடம்பெறவில்லை. தலைப்பில் அதற்கு இடம் போதாது என்பர்.

அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. அவ்வெண் எதன் அகவை? ஒரு தாய் வயிற்றுப் பிறந்த மக்கள் மணமுடித்துத் தனித்தனி அடுப்பு மூட்டிய நாள் எது என்று ஒருவன் ஆராய்ந்து சொன்னால், அது தாயின் அகவையாகுமா? மூத்த மகளின் அகவையாகுமா? குடும்பம் முதன்முதலாகப் பிரிந்த காலமே அவ்வெண். பிரியுமுன் அத்தாய் எத்துணைக் காலம் ஒருத்தியாய் வாழ்ந்தாள் என்பதைச் சொல்ல அம்முறைக்கு ஆற்றல் இல்லை. ஆகலின், ‘அவ்வளவுதானா’ என்று சினந்தவர்க்குச் சினக்கக் கரணியம் இல்லை. ‘தமிழுக்கு 4500’ என்று களித்தவர்க்குக் களிக்கவும் கரணியம் இல்லை. எள்ளியவர்க்கோ எள்ளுதற்கு ஒரு பொருளும் கிட்டவில்லை.

இவ்விடத்தில் தனித்தமிழ் இயக்கத்தார் ஒன்றைத் தெளிவாக உணர்தல் நன்று. தமிழே திராவிடத்துக்குத் தாய் என்பது மொழிஞாயிறு பாவாணர் கொள்கை. மேற்கூறிய ஆய்வாளர் அமைத்த மொழிமரத்திலோ தமிழும் கிளைகளுள் ஒன்று; தாய் வேறு, பெயரற்றவள். இவ்விரண்டும் இருவேறு கொள்கைகள். பாவாணர் கொள்கையைப் போற்றுவோர் அதற்கு அவர் காட்டிய வேர்ச்சொற் சான்றுகளைக் கொண்டே வழக்காடலாம், வழக்காடவும் வேண்டும். மற்றவர் மரத்தின் எண்ணைப் பறித்துத் தம் மரத்தில் ஒட்டவைத்து, ‘செருமானியனும் ஒப்பிவிட்டான்’ என்று முழங்குதல் பாவாணர்க்குப் பெருமை சேர்க்காது. ஒப்பாதவர் யார் என்பதை வெளிப்படையாக ஒப்பி, அவரோடு நேர்நின்று பொருதவர் அவர்.

ஆரவாரம் தமிழர்க்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணற்க. பல்கலைக்கழகமே முன்னின்று ஆரவாரித்த கதையும் உண்டு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட்டு லேக்கு நகரில் 1989 மார்ச்சு 23-ஆம் நாள், யூட்டா பல்கலைக்கழகம் செய்தியாளரைக் கூட்டியது. வேதியியற் பேராசிரியர் இசுதான்லி பான்சும், இங்கிலாந்தின் சவுத்தாம்பித்தன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மார்த்தின் பிளைசுமனும் அங்கு அறிவித்தது இது: கனநீரிற் பல்லேடியம் என்னும் உலோகக் கோலை நட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஞாயிற்றின் நெஞ்சில் நிகழும் அணுக்கருப் பிணைவு ஒரு கண்ணாடிக் கலத்தினுள், அறையின் இயல்பான வெப்பநிலையிலேயே நிகழ்கின்றது, உட்செலுத்திய ஆற்றலினும் பன்மடங்கு வெளிவருகின்றது. கடல்நீரிலிருந்து கனநீர் எடுக்கலாம். ஆகவே ஞாலத்தின் எரிபொருட் கவலை இனி இல்லை என்று மறுநாட் செய்தித்தாள்கள் எழுதின.

ஆய்விதழில் அக்கட்டுரை வெளிவருமுன்னரே இவ்வறிவிப்பு நிகழ்ந்தது. அருகிலேயே பிரிகாம் யங்கு பல்கலைக்கழகத்தில் இசுதீவன் சோன்சு என்பார் இத்துறையிலேயே வேறொரு வகையில் உழைத்துக்கொண்டிருந்தார். இருவர் கட்டுரையும் ஒரே நாளில் இதழுக்குச் செல்லும் என்பது உடன்பாடு. அந்நாளுக்கு ஒரு நாள் முன்னரே செய்தியாளர் கூட்டம் நடந்துவிட்டது. காப்புரிமை பறிபோய்விடும் என்னும் அச்சத்தாற் செய்முறையும் முழுமையாகச் சொல்லப்படவில்லை. ஆகவே பிற நாட்டு ஆய்வாளர் தொலைக்காட்சியில் தெரிந்த கலத்தின் படத்தை உற்றுப் பார்த்தும், தொலைநகலாகக் கைமாறி வந்த தாள்களை வைத்துக்கொண்டும் தத்தம் ஆய்வுக்கூடங்களில் அதனைச் செய்து பார்க்க முற்பட்டனர். அறிவியல் வரலாற்றில் இப்படியொரு கூத்து அரிதினும் அரிது.

சில கிழமைகளுக்குள் யூட்டா மாநிலச் சட்டமன்றம் 50 இலக்கம் தாலர் ஒதுக்கியது. சியார்சியா தொழில்நுட்பக் கழகத்தார் நியூத்திரான்களைக் கண்டதாக அறிவித்தனர். தங்கள் கருவி நியூத்திரானுக்கன்றி வெப்பத்துக்கு மயங்கியது என்று அடுத்த சில நாள்களில் அவர்களே அதனைத் திரும்பப் பெற்றனர். அவ்வாறு திரும்பப் பெற்றது அவர்க்கு இழுக்கன்று. அந்த ஆரவாரத்தில் நேர்மையாக நிகழ்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. மும்பையை அடுத்த துராம்பேயிலும் ஆய்வுகள் நடந்தன. அங்கும் சில அறிகுறிகள் தென்பட்டதாக அறிக்கை வந்தது. சொல்லப்பட்ட அளவு வெப்பம் மெய்யாகவே பிணைவினால் எழுந்திருப்பின், உடன் எழும் நியூத்திரான்கள் கலத்தருகில் நின்றவரை உயிரோடு விட்டிரா என்று இயற்பியலார் கேட்டனர். அவ்வினாவுக்கு நேரான விடை வரவில்லை. மாறாக, கிழக்குக் கரையின் பெரிய பல்கலைக்கழகத்தார்க்கு மலைநாட்டுச் சிறு பல்கலைக்கழகத்தின் மீது பொறாமை என்று பேசப்பட்டது. மே முதல் நாளன்று பால்திமோரிற் கூடிய இயற்பியலார் மாநாட்டில் கால்தெக்கு ஆய்வாளர் அக்கூற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க ஆற்றல் துறையின் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதியது. சால்ட்டு லேக்கில் இதற்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம் 1991-இல் மூடப்பட்டது.

பொறாமை என்னும் அச்சொல்லைச் சற்று உற்று நோக்குக. வினாவுக்கு விடை கூற இயலாத இடத்தில், வினாவியவன் யார், எவ்வூரான், எக்குலத்தான், எவர்க்குக் கையாள் என்னும் ஆராய்ச்சி தொடங்கிவிடுகின்றது. யூட்டாவில் அது பொறாமை எனப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்குத் தமிழ்ப்பகை என்று பெயர். தமிழ்ப்பகை என்பது மெய்யாகவே உண்டு. அதனை இவ்வியக்கத்தார்க்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆயின், வினவுவார் அனைவர் மீதும் அம்முத்திரையைக் குத்தினால், மெய்யான பகைவன் அக்கூட்டத்துள் எளிதாக ஒளிந்துகொள்வான்.

இனி, பொதுமக்கட் கருத்தாடல் ஆய்வுக்குத் துணைசெய்த ஒரு நிகழ்ச்சி. 1924 செப்தம்பர் 20-ஆம் நாள், இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் சான் மார்சல், அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த முத்திரைகளைப் பற்றி இலண்டனின் படத்தாளிகை ஒன்றில் எழுதினார். புலவர் மட்டும் படிக்கும் இதழன்று அது. முடிதிருத்தகத்திலும் புரட்டப்படும் இதழ். இவை எக்காலத்தன என்று துணியத் தம்மிடம் போதிய சான்று இல்லாமையையும் மார்சல் அதில் மறைக்கவில்லை. ஒரு கிழமை கழிந்தது. 27-ஆம் நாளிட்ட இதழில் ஆக்சுபோர்டுப் பேராசிரியர் செய்சு, ஈலாம் நாட்டுச் சூசாவிற் கிடைத்த தொல்பொருள்களோடு இவை ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். அக்டோபர் 4-ஆம் நாளிதழில் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த காடும் சிமித்தும் சுமேரியப் பொருள்களோடு ஒப்பிட்டு விரிவாக எழுதினர். சிந்துவெளியின் தொன்மை ஆயிரக்கணக்கான ஆண்டு பின்னோக்கிச் சென்றது அந்த இரண்டு கிழமைகளுக்குள். படங்கள் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தமையாலன்றோ எங்கோ இருந்தவர் ஒப்பிட முடிந்தது! தெரிந்ததையும் தெரியாததையும் ஒருங்கே வெளியிட்டமையால் விளைந்த பயன் அது.

அதன் நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டரசு 2025 சனவரியில், சிந்துவெளி எழுத்தை ஐயமறப் படித்துக் காட்டுவார்க்குப் 10 இலக்கம் தாலர் பரிசு அறிவித்தது. பரிசு பெரிது, நன்று. ஆனால் அவ்வெழுத்தைப் படிக்க முயல்வார் எவரும் முதலில் நாடவேண்டியது ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட அட்டவணைத் தொகுப்பு. எக்குறி எம்முத்திரையில் எவ்விடத்தில் வருகின்றது என்று வரிசைப்படுத்திய நூல் அது. மகாதேவன் திராவிடச் சார்பினர். அவர் கொள்கையை மறுப்பவரும் அவர் அட்டவணையைக் கொண்டே மறுக்கின்றனர்.

தமிழகத்து அகழ்வாய்வுக்கு வருவோர் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் உள்ளத்திற் கொள்வாராக. 2019 செப்தம்பரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையின்படி, அமெரிக்க ஆய்வகத்துக்கு விடுக்கப்பட்ட ஆறு கரிக்கூறுகளுள், 353 செண்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது. 2025 சனவரி 23-இல் வெளியிடப்பட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கை, பேராசிரியர் இராசனும் சிவானந்தமும் எழுதியது, சிவகளையின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசென்றது. மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022-இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. இவை மெய்ப்படின், இரும்பை உருக்கிய வரலாற்றின் முதற் பக்கம் பொருநைக் கரையில் எழுதப்பட்டதாகும். தமிழர் நெஞ்சு விம்முதல் இயல்பே.

ஆயினும் ஓர் உண்மை. கரிமக் கணிப்பு இரும்பின் அகவையைச் சொல்வதன்று. இரும்போடு கிடந்த கரியின் அகவையைச் சொல்வது. அக்கரி எம்மரத்தினது? மரத்தின் உள்வயிரம், அதன் புறவளையத்தினும் நூறு இருநூறு ஆண்டு மூத்ததாக இருத்தலும் கூடும். தாழியினுள் கரியும் இரும்பும் ஒரே நாளிற் புகுந்தனவா? பின்னர் மண் புரண்டதா? ஒரே இடத்து ஓட்டுக்கும் நெல்லுக்கும் வேறு முறையிற் கிடைத்த காலங்கள் கரியின் காலத்தோடு எங்ஙனம் பொருந்துகின்றன? சிவகளை நெல்லுக்குக் கிடைத்த காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டதை நினைவிற் கொள்க. இவ்வினாக்கள் பகைவர் வினாக்களல்ல. தொல்லியல் கற்கும் எம்மாணவனும் முதலாண்டிலேயே கேட்கக் கற்பவை. ஒரே அகழ்விடத்திலிருந்து பல கூறுகளை வெவ்வேறு ஆய்வகங்களுக்கு விடுத்தமை அவ்வறிக்கையார் செய்த சிறந்த செயல். அதனைப் பாராட்டுவோர் மிகக் குறைவு. முழங்குவோர்க்கு 3345 என்னும் ஓரெண் போதுமாயிற்று. வெறுப்போர்க்கும் அவ்வோரெண்ணே போதுமாயிற்று.

கீழடியின் முதலிரு கட்ட அகழ்வை நடத்திய அமர்நாத் இராமகிருட்டிணன் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் நடுவணரசின் தொல்லியல் துறைக்கு அளித்தார். அதனைத் திருத்தித் தருமாறு 2025 மே திங்களில் அத்துறை கேட்டது. அவர் தம் முடிபுகளில் உறுதியாக நின்றார். இரண்டாண்டுக்கு மேல் ஓர் அறிக்கை அறைக்குள் கிடப்பின், வெளியே மக்கள் எதைக்கொண்டு பேசுவர்? கேள்விப்பட்டதைக் கொண்டு பேசுவர். ஐயம் இருப்பின் அறிக்கையை வெளியிட்டு, ஐயத்தையும் அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கலாம். மார்சல் காலத்திலேயே இயன்ற செயல் அது. மறைத்தலினும் பெரிய ஆரவாரத்தை எந்த முழக்கமும் உண்டாக்குவதில்லை.

இத்துணையும் சொல்லியபின் மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிகழும் அறிவியல் ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. ஆங்கிலத்திலேயே தேர்வும் பெறுகின்றது. ஆய்வாளனின் தாய்க்கும் அவள் தெருவுக்கும் அது தாளிகையின் இரண்டு பத்திச் செய்தியாகவே வந்து சேர்கின்றது. எழுதும் செய்தியாளர் ‘வீச்சு’ என்றும் ‘பிழை’ என்றும் குறிப்பவற்றை விடுத்து எண்ணை மட்டும் மொழிபெயர்க்கின்றார். அவர்மேற் குறைகூறிப் பயனில்லை. அச்சொற்களைத் தமிழில் அவர்க்கு எவரும் பழக்கித் தரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிசுகு கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். கோவையிலிருந்து வெளிவந்த ‘கலைக்கதிர்’ அறிவியலைத் திங்கள்தோறும் தமிழிற் பேசிற்று. தமிழால் இயலாது என்பார்க்கு இவை விடை. இயலும் என்பார் அதன்பின் என்ன செய்தனர் என்பது வேறு வினா. அதற்கு விடை அவ்வளவு எளிதன்று. கலைச்சொற் பட்டியல்கள் அச்சாயின; பட்டியலிலுள்ள சொற்களை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினோர் சிலரே.

ஊர்தோறும் உள்ள தமிழ்க் கழகங்கள் திங்களுக்கு ஒருமுறை கூடுகின்றன. அக்கூட்டங்களில் அரை மணிப்பொழுதை, அவ்வப்போது பேசப்படும் ஏதேனும் ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுமையாகத் தமிழிற் படித்துக் காட்டுதற்கு ஒதுக்கலாம். தலைப்பையன்று, கட்டுரையை. கணக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரும் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரும் இணைந்தால் ஒரு திங்களில் ஒரு கட்டுரையைப் பெயர்த்துவிடலாம். இடரான சொற்களைக் கூட்டத்திலேயே வைத்து முடிவு செய்யலாம். நடுமதிப்புக்கும் வீச்சுக்கும் அங்கேயே நல்ல தமிழ்ச் சொற்கள் பிறக்கும். தொடக்கத்துக்குக் காசு கொடாமற் கிடைக்கும் 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையே போதும். அதன் சொற்பட்டியலில் ‘கண்’ என்னும் சொல்லை எடுத்து, இருபது மொழியிலும் அஃது எவ்வாறு நிற்கின்றது என்று கரும்பலகையில் எழுதித் தொடங்கலாம்.